மெயின் ஸ்விட்ச் ட்ரிப் ஆனபின் லினக்ஸ் கணினி எழவில்லை. உள்ளே பெரியவர்களின் ஒலிப்பதிவுகள்

செம்பவாங்_மல்லி | சனி, இரவு 9.12

வணக்கம். விவரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் சீக்கிரம் வழி சொல்லுங்கள்.

நாங்கள் சிலர் தொண்டூழியர்களாகச் சேர்ந்து, பழைய செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்த பெரியவர்களைச் சந்தித்து அவர்கள் பேச்சை ஒலிப்பதிவு செய்து வருகிறோம். 1971இல் பிரிட்டிஷ்காரர்கள் கிளம்புவதற்கு முன்பு அங்கே குவார்ட்டர்ஸில் குடும்பத்தோடு இருந்தவர்கள். பேசியவர்களில் இரண்டு பேர் இப்போது நம்மிடையே இல்லை.

பதிவுகள் எல்லாம் என் வீட்டு டெஸ்க்டாப்பில் சேர்கின்றன. லினக்ஸ் மின்ட், 1 டெராபைட் ஹார்ட் டிஸ்க், அது ஒன்றுதான். பிப்ரவரி வரை எடுத்தவற்றுக்கு வேறு இடத்தில் நகல் இருக்கிறது. அதற்குப் பிறகு எடுத்தவை இந்த டிஸ்கில் மட்டும்.

இன்று சாயங்காலம் ரெக்கார்டர் கார்டிலிருந்து புதிய பதிவுகளை கட் செய்து கணினியில் பேஸ்ட் செய்துகொண்டிருந்தேன். பாதியில் வீட்டு மெயின் ஸ்விட்ச் ட்ரிப் ஆனது. வாட்டர் ஹீட்டரில் கோளாறு என்று எலக்ட்ரீஷியன் சொல்லிவிட்டார், அது தனிக்கதை. மின்சாரம் வந்ததும் கணினியைப் போட்டால் கறுப்புத் திரையில் ஆங்கிலத்தில் நாலு வரி: எஸ்டிஏ2இல் எதிர்பாராத முரண்பாடு, எஃப்எஸ்சிகேவைக் கையால் இயக்கவும் என்று. அதற்குக் கீழே இனிட்ராம்எஃப்எஸ் என்று போட்டு கர்சர் மின்னிக்கொண்டே இருக்கிறது. இன்னும் எதையும் அடிக்கவில்லை. என்ன செய்யட்டும்?

ஈசூன்_குமரன் | சனி, இரவு 9.20

அக்கா, பயப்படாதீங்க. ரொம்ப சாதாரணமா வர்றதுதான். எஃப்எஸ்சிகேங்கிறது டிஸ்க்ல இருக்கிற கோப்புக் கணக்கைச் சரிபார்த்துத் திருத்துற கருவி, எஸ்டிஏ2ங்கிறது உங்க டிஸ்க்கோட ரெண்டாவது பகுதி. அந்த கர்சர்லயே எஃப்எஸ்சிகே, மைனஸ் ஒய், அப்புறம் எஸ்டிஏ2ன்னு அடிச்சு என்டர் தட்டுங்க. கேக்குற எல்லாத்துக்கும் அதுவே எஸ் சொல்லிட்டுப் போயிடும். முடிஞ்சதும் ரீபூட். பாலிடெக்னிக் லேப்ல எங்களுக்கு இதே வேலைதான் லா, ஒவ்வொரு தடவையும் எழுந்துடும்.

கனலி | சனி, இரவு 9.26

மல்லி அக்கா, தயவுசெய்து இப்போதைக்கு அந்தக் கட்டளையை அடிக்காதீர்கள். கணினியை அணைத்துவிடுங்கள். பவர் பட்டனை அழுத்திப் பிடித்தே அணைக்கலாம், இந்த நிலையில் பாதகமில்லை.

குமரன் சொல்வது பெரும்பாலான சமயங்களில் சரியாக வரும். லேப் கணினியில் போனால் போகட்டும் என்று விடலாம், இங்கே அப்படி இல்லையே. மூன்று விஷயம் சொல்லுங்கள். டிஸ்கிலிருந்து கடக் கடக் என்று சத்தம் வருகிறதா? வீட்டில் வேறு கணினியும் ஒரு யூஎஸ்பி தம்ப் டிரைவும் இருக்கிறதா? ரெக்கார்டர் கார்டு இப்போது எங்கே?

செம்பவாங்_மல்லி | சனி, இரவு 9.41

அணைத்துவிட்டேன். சத்தம் எதுவும் இல்லை, வழக்கமாகச் சுற்றும் ஓசைதான். மகனின் லேப்டாப் இருக்கிறது, தம்ப் டிரைவும் இருக்கிறது. கார்டு கணினியிலேயே செருகியிருந்தது, இப்போது எடுத்துவிட்டேன். நாளைக்கு ஒருவரைப் பதிவு செய்யப் போகவேண்டும், அதற்கு அந்தக் கார்டுதான்.

கனலி | சனி, இரவு 9.44

நாளைக்கு வேறு கார்டு வாங்கிக்கொள்ளுங்கள் அக்கா. இந்தக் கார்டின் ஓரத்தில் சின்ன லாக் பட்டன் இருக்கும், அதைக் கீழே தள்ளிவிட்டு பத்திரப்படுத்துங்கள். கட் செய்து பேஸ்ட் செய்தால் ஒவ்வொரு கோப்பும் போய்ச் சேர்ந்ததும் கார்டில் அழிக்கப்படும். அழிப்பு என்றால் பட்டியலில் ‘இந்த இடம் காலி’ என்று குறித்துவைப்பது மட்டுமே. குரல் இன்னும் கார்டில்தான் இருக்கிறது, அதன்மேல் புதிதாக எதையாவது பதிவு செய்கிற வரைக்கும்.

பழையகடை | சனி, இரவு 10.02

அம்மா, நான் சிம் லிம் ஸ்குவேரில் ரொம்ப வருஷம் ரிப்பேர் வேலை பார்த்தவன். கனலி தம்பி கேட்ட முதல் கேள்விதான் முக்கியம். கடக் கடக்குன்னு சத்தம் வந்திருந்தா, இதுக்குமேல எதுவும் பேசாதீங்க, கரண்டே கொடுக்காதீங்கன்னு சொல்லியிருப்பேன். அந்த மாதிரி டிஸ்க்கைத் தூசி இல்லாத அறை வச்சிருக்கிற ஆய்வகத்துல மட்டும்தான் திறக்கணும். ஃபிரிட்ஜில் வைக்கிறது, தட்டிப் பார்க்கிறது எல்லாம் கூடவே கூடாது.

சத்தம் இல்லைன்னா வீட்டிலேயே செய்யலாம். ஒருவேளை கடையில கொடுக்கவேண்டி வந்தா, பார்த்துச் சொல்ல எவ்வளவு, எடுக்க முடியலைன்னா காசு உண்டா இல்லையான்னு எழுத்துல வாங்கிக்கிட்டுக் கொடுங்க. ‘ஃபார்மட் பண்ணிட்டு விண்டோஸ் போட்டுத் தர்றேன்’னு சொல்ற இடத்துல டிஸ்க்கைக் கையில கொடுக்கவே வேண்டாம்.

கனலி | சனி, இரவு 10.30

சரி, செய்யவேண்டிய வரிசை இதுதான். முதலில் டிஸ்கை முழுசாக நகல் எடுக்கிறோம், பிறகு நகலில்தான் ரிப்பேர்.

மகனின் லேப்டாப்பில் சிஸ்டம்ரெஸ்க்யூ என்ற லினக்ஸை இறக்கி தம்ப் டிரைவில் எழுதிக்கொள்ளுங்கள். நமக்கு வேண்டிய கருவிகள் எல்லாம் அதிலேயே உண்டு. மின்ட்டின் லைவ் யூஎஸ்பியும் போதும், ஆனால் அதில் டிஸ்கை நகலெடுக்கும் கருவியான டிடிரெஸ்க்யூவைத் தனியாக நிறுவவேண்டும். நிறுவும்போது பொதிக்கு முன்னால் ஒரு ஜி சேர்ந்திருக்கும், ஜிடிடிரெஸ்க்யூ. பெயரில் அடிக்கோடு உள்ள இன்னொரு கருவி இருக்கிறது, அது வேறு.

யூஎஸ்பியிலிருந்து பூட் செய்தபின் ஃபைல் மேனேஜரில் அந்த டிஸ்கைக் கிளிக் செய்து திறக்காதீர்கள். திறந்தால் மவுண்ட் ஆகும், அதாவது கணினி அதைப் பயன்பாட்டுக்கு இணைத்துக்கொள்ளும். உங்கள் டிஸ்கில் கோப்புகளை அடுக்கிவைக்கும் கோப்பு முறைமை எக்ஸ்ட்4. அதைப் படிக்க மட்டும் என்று சொல்லி மவுண்ட் செய்தாலும் அது ஜர்னலை (செய்யவிருக்கும் மாற்றங்களைக் குறித்துவைக்கும் பதிவேட்டை) ஓட்டி டிஸ்கில் எழுதிவிடும். நோலோட் என்ற விருப்பத்தையும் சேர்த்துக் கொடுத்தால்தான் தொடாமல் இருக்கும்.

முதலில் ஸ்மார்ட்சிடிஎல் கொண்டு டிஸ்கின் உடல்நிலையைப் பாருங்கள். நீளமாக வரும் பட்டியலில் 5, 197, 198 என்று எண்ணிட்ட மூன்று வரிகளின் கடைசி மதிப்பை இங்கே எழுதுங்கள். 5 என்றால் டிஸ்க் ஏற்கெனவே ஒதுக்கிவிட்டு மாற்றிடம் கொடுத்த செக்டர்கள் (டிஸ்கின் சின்னச் சின்னத் துண்டுகள்). 197 என்றால் படிக்க முடியாமல் திணறி, முடிவு தெரியாமல் நிற்கிறவை. 198 என்றால் டிஸ்கின் சுயசோதனையில் படிக்க முடியாமல் போனவை.

நகல் எடுக்க, அதைவிடப் பெரிய வெளி டிஸ்க் ஒன்று வேண்டும். ஃபேட்32 ஆக இருந்தால் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டாது, அதனால் எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் ஆக இருக்கட்டும். டிடிரெஸ்க்யூவுக்கு மூன்று பெயர் கொடுக்கவேண்டும்: எங்கிருந்து, எங்கே, மேப் கோப்பு. மேப் கோப்பை மறக்கவே கூடாது. எந்த இடம் படித்தாயிற்று, எது பாக்கி என்று அதில்தான் எழுதிவைக்கும். நடுவில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். முதல் சுற்றில் மைனஸ் என் கொடுங்கள். நல்ல பகுதிகளை எல்லாம் வேகமாக அள்ளிக்கொண்டு, முரண்டு பிடிக்கிற இடங்களைக் கிளறாமல் கடைசிக்குத் தள்ளிவைக்கும். அடுத்த சுற்றில் மைனஸ் ஆர்3 கொடுத்து அந்த இடங்களை மட்டும் மறுபடி முயலச் சொல்லலாம்.

என்டர் தட்டுமுன் எது மூலம், எது நகல் என்று, டிஸ்குகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே கட்டளையில் கொள்ளளவும் சீரியல் எண்ணும் பார்த்து, மகனையும் பக்கத்தில் உட்காரவைத்து ஒருமுறை சரிபாருங்கள். இரண்டும் இடம் மாறினால் காலி டிஸ்க் உங்கள் பதிவுகளின் மேல் எழுதப்பட்டுவிடும்.

யூஎஸ்பி 3 என்றால் நொடிக்கு 100 மெகாபைட் கணக்கில் மூன்று மணி நேரத்துக்குள் முடியும். யூஎஸ்பி 2 துளையில் செருகினால் எட்டு மணி நேரத்துக்கு மேல் இழுக்கும்.

ஈசூன்_குமரன் | சனி, இரவு 10.48

அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க, புரிஞ்சுக்கக் கேக்குறேன். எக்ஸ்ட்4ல ஜர்னல் இருக்கே. கரண்ட் போனா அதை ஓட்டிச் சரியாக்கிக்கும்னுதானே வகுப்புல சொன்னாங்க. எஃப்எஸ்சிகேவும் ரிப்பேர் பண்ற கருவிதானே. அதை ஓட்டுறதுல என்ன ஆபத்து?

கனலி | சனி, இரவு 11.15

நல்ல கேள்வி தம்பி, விவரமாகவே சொல்கிறேன்.

எக்ஸ்ட் வரிசைக்கு ஜர்னல் 2001இல் எக்ஸ்ட்3 மூலம் லினக்ஸில் வந்தது, எக்ஸ்ட்4 நிலையானதாக 2008 டிசம்பரில் வந்தது. இயல்பான அமைப்பில் ஜர்னல் காப்பது மெட்டாடேட்டாவை மட்டும்: ஐனோடுகள் (ஒவ்வொரு கோப்பின் விவரச் சீட்டு), கோப்புறைகள், எந்த பிளாக் (டிஸ்கின் சிறு கட்டம்) யாருக்கு என்ற கணக்கு. கோப்பின் உள்ளடக்கம் ஜர்னலுக்குள் போவதில்லை. அதோடு, எழுதச் சொன்னதை எக்ஸ்ட்4 உடனே டிஸ்கில் இடம் ஒதுக்கி எழுதாது, கொஞ்ச நேரம் நினைவகத்தில் வைத்திருக்கும். 2009இல் உபுண்டு பயனர்கள் பலர், கணினி முடங்கி எழுந்தபின் கோப்புகள் பூஜ்ய பைட்டாகக் கிடக்கின்றன என்று புகார் சொன்னார்கள். எக்ஸ்ட்4ஐப் பராமரிக்கும் டெட் சோ அதைப் பற்றி நீளமாக விளக்கி, சில பொதுவான சூழல்களில் உடனே எழுதிவிடும்படி திருத்தமும் சேர்த்தார். அப்போதும் கோப்பு முறைமை முரண்பாடு இல்லாமல்தான் இருந்தது, கோப்புக்குள்தான் ஒன்றும் இல்லை.

அடுத்தது எஃப்எஸ்சிகே. அது கணக்குப்பிள்ளை மாதிரி. பேரேட்டில் வரவும் செலவும் ஒத்துப்போகவேண்டும், அதுதான் அதன் வேலை. பெட்டியில் பணம் இருக்கிறதா என்பது அதற்குத் தெரியாது. ஓர் ஐனோடு குப்பையாகத் தெரிந்தால் ‘அழிக்கட்டுமா’ என்று கேட்கும். மைனஸ் ஒய் கொடுத்தால் ஆம். படிக்க முடியாத பிளாக் வந்தால் ‘பிழையைப் பொருட்படுத்தாமல் போகட்டுமா’ என்று கேட்டுவிட்டு, ‘வலுக்கட்டாயமாகத் திரும்ப எழுதட்டுமா’ என்று இன்னொரு கேள்வி கேட்கும். அதற்கும் ஆம். இன்னும் நாலு தடவை முயன்றிருந்தால் டிஸ்க் படித்துக் கொடுத்திருக்கக்கூடிய இடத்தில் அந்த நிமிடமே வெறும் பூஜ்யம் எழுதப்பட்டுவிடும். அசல் டிஸ்கில் இது நடந்தால் திரும்ப வழியே இல்லை.

மல்லி அக்கா திரையில் வந்த செய்தியையும் கவனி. பூட் ஆகும்போது எஃப்எஸ்சிகே தானாகவே ஒருமுறை ஓடியிருக்கிறது. ஆபத்தில்லாத திருத்தங்களை மட்டும் செய்யும் முறை அது. அதனால் முடியாமல்தான் மனிதர் யாராவது வந்து முடிவு சொல்லட்டும் என்று நிற்கிறது. மைனஸ் ஒய் கொடுத்தால் அந்த முடிவை யாரும் எடுக்காமலே விட்டதாக ஆகிறது.

நிலா_பொங்கோல் | ஞாயிறு, காலை 8.05

இழையை முழுக்கப் படித்தேன். விண்டோஸில் நீலத் திரை வந்தால் இதே மாதிரிதானா? என் கணவர் உடனே செக்டிஸ்க் (விண்டோஸின் சரிபார்ப்புக் கருவி) ஓட்டுவார்.

பழையகடை | ஞாயிறு, காலை 8.40

எது கெட்டதுன்னு முதல்ல பிரிச்சுப் பாருங்கம்மா: டிஸ்க்கா, கோப்பு முறைமையா, இல்லை விண்டோஸ் மட்டுமா. 2024 ஜூலை 19ஆம் தேதி கிரவுட்ஸ்ட்ரைக்ங்கிற பாதுகாப்பு மென்பொருளோட புதுப்பிப்பால உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினி நீலத் திரையில நின்னுச்சே. சாங்கியில சில விமான நிறுவனங்கள் கையால செக்-இன் பண்ணாங்க. அன்னைக்கு எந்த டிஸ்க்கும் கெடலை, எந்தக் கோப்பு முறைமையும் உடையலை. சேஃப் மோடில் போய் ஒரு கோப்பை நீக்கினதும் எழுந்துடுச்சு. அதுக்கும் பிட்லாக்கர் (விண்டோஸோட டிஸ்க் பூட்டு) மீட்புச் சாவி கேட்டுப் பலபேர் மாட்டிக்கிட்டாங்க. புது லேப்டாப் நிறைய தானாகவே என்கிரிப்ட் ஆகியிருக்கும். அந்த 48 இலக்கச் சாவி உங்க மைக்ரோசாஃப்ட் கணக்குல இருக்கான்னு இன்னைக்கே பாருங்க. சாவி இல்லைன்னா டிஸ்க்கைக் கழட்டி வேற கணினியில மாட்டினாலும் ஒண்ணும் தெரியாது.

செக்டிஸ்க்கும் அதே கதைதான். ஃபவுண்ட்.000னு ஒரு கோப்புறையில பேரில்லாத துண்டுகளைப் போட்டுவைக்கும். வேண்டியதை நகல் எடுத்துட்டு ஓட்டச் சொல்லுங்க.

கனலி | ஞாயிறு, காலை 9.10

எஸ்எஸ்டி வைத்திருப்பவர்களுக்கு ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். அதில் ட்ரிம் ஓடும். அழித்த கோப்பின் இடத்தை டிஸ்கே உள்ளுக்குள் துடைத்துவிடும். ஹார்ட் டிஸ்கில் அழித்ததைத் தேடி எடுப்பதுபோல் அதில் எடுக்கலாம் என்று நம்பி இருக்காதீர்கள்.

செம்பவாங்_மல்லி | ஞாயிறு, மாலை 5.30

எல்லாருக்கும் நன்றி. காலையில் 2 டெராபைட் வெளி டிஸ்க் ஒன்றும் புதுக் கார்டும் வாங்கினேன். மகன் சிஸ்டம்ரெஸ்க்யூ போட்டுக் கொடுத்தான்.

ஸ்மார்ட் மதிப்புகள்: 5 என்ற வரியில் 0. 197இல் 16. 198இலும் 16.

டிடிரெஸ்க்யூ முதல் சுற்று மதியத்துக்குள் முடிந்தது. மறுமுயற்சிகளுக்குப் பிறகும் இரண்டு இடங்கள் வரவில்லை, ஒவ்வொன்றும் 4096 பைட். மற்றது எல்லாம் வந்துவிட்டது. மொத்த டிஸ்கில் 8192 பைட்தானே, இது ஒன்றும் பெரிசில்லையே?

கனலி | ஞாயிறு, மாலை 6.00

நகல் நன்றாக வந்திருக்கிறது அக்கா. கணக்கும் ஒத்துப்போகிறது: 16 செக்டர், ஒவ்வொன்றும் 512 பைட். ஆனால் சின்ன இழப்பா பெரிய இழப்பா என்பது அது எந்த இடத்தில் விழுந்தது என்பதைப் பொறுத்தது. காலி இடத்தில் விழுந்திருந்தால் நட்டமே இல்லை. ஐனோடு அட்டவணையில் விழுந்திருந்தால், ஓர் ஐனோடு 256 பைட், ஒரே பிளாக்கில் 16 கோப்புகளின் விவரம் போயிருக்கும்.

இனி அசல் டிஸ்கைக் கழற்றி அலமாரியில் வையுங்கள். நகலை லூப் சாதனமாக (கோப்பை ஒரு டிஸ்க் போலக் காட்டும் வழி) இணைத்து, அதில் இரண்டாம் பகிர்வின்மேல் இ2எஃப்எஸ்சிகேவை (எக்ஸ்ட் வகைக்கான எஃப்எஸ்சிகே) மைனஸ் எஃப், மைனஸ் என் கொடுத்து ஓட்டுங்கள். என் என்றால் எல்லாக் கேள்விக்கும் இல்லை என்றே பதில் சொல்லும், ஒரு பைட்டும் எழுதாது. திரையில் வருவதை முழுசாக ஒரு கோப்பில் சேமித்துவையுங்கள். போனவற்றின் பெயர்ப் பட்டியல் அதிலிருந்துதான் கிடைக்கும்.

சூப்பர்பிளாக்கே (கோப்பு முறைமையின் தலைமைக் குறிப்பு) கெட்டிருக்கிறது என்று சொன்னால் கலங்கவேண்டாம். அதன் நகல்கள் டிஸ்க் முழுக்கப் பரவியிருக்கும். 4 கேபி பிளாக் என்றால் 32768, அடுத்தது 98304, அதற்கடுத்து 163840. மைனஸ் பி கொடுத்து அந்த எண்ணைச் சொன்னால் போதும்.

செம்பவாங்_மல்லி | ஞாயிறு, இரவு 8.15

சூப்பர்பிளாக் பற்றி எதுவும் சொல்லவில்லை. ஐந்து பாஸ் என்று ஓடியது. முதல் பாஸில் சில வரிகள்தான். இரண்டாவது பாஸில், இன்ன கோப்புறையில் உள்ள இன்ன பெயர் பயன்பாட்டில் இல்லாத ஐனோடைக் காட்டுகிறது, நீக்கவா என்று ஒவ்வொன்றாக வந்தது. அதில் ஏப்ரல் என்ற கோப்புறையின் பெயரும் இருக்கிறது. கூடவே நாலைந்து பதிவுகளின் பெயர்கள். பெயரைப் பார்த்ததும் நெஞ்சு படபடத்துவிட்டது, அவற்றில் ஒருவர் காலமாகிவிட்டார். நாலாவது பாஸில் யாரோடும் சேராத ஐனோடு, லாஸ்ட்+ஃபவுண்டில் சேர்க்கவா என்று நிறைய.

கனலி | ஞாயிறு, இரவு 8.50

நினைத்த மாதிரியே ஐனோடு அட்டவணையில்தான் ஒரு பிளாக் போயிருக்கிறது. ஆனால் அக்கா, நாலாவது பாஸில் வந்ததுதான் நல்ல செய்தி. கோப்பின் பெயர் கோப்புறையில் இருக்கும். அளவு, நேரம், டிஸ்கில் எங்கெங்கே இருக்கிறது என்பதெல்லாம் ஐனோடில் இருக்கும். ஏப்ரல் கோப்புறையின் ஐனோடு போனதால் அதற்குள் இருந்த பதிவுகள் பெயரை மட்டும் இழந்திருக்கின்றன. பேச்சு அப்படியே இருக்கிறது. அவை லாஸ்ட்+ஃபவுண்ட் என்ற கோப்புறையில் வந்து சேரும்.

இப்போது நகலில் ரிப்பேர் ஓட்டலாம். இன்னொரு முழு நகல் எடுத்துவைத்துக்கொண்டு ஓட்டுவது உத்தமம், ஆனால் 1 டெரா இமேஜ் இரண்டு உங்கள் 2 டெரா டிஸ்கில் அடங்காது. அதனால் மைனஸ் இசட் கொடுத்து அன்டூ கோப்பின் பெயரைச் சொல்லுங்கள். மாற்றும் ஒவ்வொரு பிளாக்கின் பழைய வடிவத்தையும் அதில் எழுதிவைக்கும், பிடிக்காவிட்டால் இ2அன்டூ மூலம் பழையபடி ஆக்கலாம். அன்டூ கோப்பு வேறு டிரைவில் இருக்கட்டும். பிறகு மைனஸ் எஃப், மைனஸ் ஒய்.

குமரா, நீ சொன்ன கட்டளையேதான். நகலில் எத்தனை முறை வேண்டுமானாலும் ஓட்டலாம்.

ஈசூன்_குமரன் | ஞாயிறு, இரவு 9.05

புரிஞ்சுது அண்ணே. மல்லி அக்கா, முடிஞ்சதும் அது திருப்பித் தர்ற எண்ணைப் பாருங்க. 1னா பிழைகள் எல்லாம் திருத்தியாச்சு. 4னா இன்னும் பாக்கி இருக்கு, மறுபடி ஓட்டணும்.

செம்பவாங்_மல்லி | திங்கள், இரவு 10.20

எண் 1 வந்தது. நகலைப் படிக்க மட்டும் என்று மவுண்ட் செய்து பார்த்தோம். மற்ற கோப்புறைகள் இருந்தபடியே இருக்கின்றன. லாஸ்ட்+ஃபவுண்டில் வரிசையாக ஹேஷ் குறி போட்டு ஏழு இலக்க எண்கள். மகன் ஃபைல் என்ற கட்டளையை ஓட்டியதும் எல்லாமே வேவ் ஒலி என்று காட்டியது. ஏப்ரலுக்குள் புகைப்படங்களுக்கு என்று ஓர் உள்கோப்புறை வைத்திருந்தேன். அதன் பெயர் மட்டும் எண்ணாகிவிட்டது, உள்ளே படங்கள் தங்கள் பெயரோடு அப்படியே இருக்கின்றன.

ஒவ்வொரு பதிவிலும் திருத்திய நேரம் மாறாமல் இருக்கிறது. யாரை எந்த நாள் எத்தனை மணிக்குச் சந்தித்தோம் என்று நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைப்பது எங்கள் வழக்கம். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றாக வெளியே எடுத்துப் பெயர் கொடுத்துவிட்டோம்.

ஒரு கோப்பு மட்டும் சிக்கல். மார்ச்சில் எடுத்தது, பெயர் சரியாக இருக்கிறது, அளவும் சரியாக இருக்கிறது. எந்த பிளேயரிலும் திறக்க மறுக்கிறது. எந்த பிளாக் எந்தக் கோப்புடையது என்று காட்டும் டீபக்எஃப்எஸ்ஸில் ஐசெக், என்செக் போட்டுப் பார்த்தோம். படிக்க முடியாத இரண்டாவது பிளாக் இந்தக் கோப்பின் முதல் பிளாக்தான்.

ஒலிவாணன் | திங்கள், இரவு 10.45

ஒலித் துறையில் இருக்கிறேன், இதற்கு நான் பதில் சொல்கிறேன். வேவ் கோப்பின் முதல் 44 பைட் சாதாரணமாகத் தலைப்பு. எந்த வேகம், எத்தனை பிட், ஒரு சேனலா இரண்டா என்பது அதில்தான் இருக்கும். அது பூஜ்யமானதால் பிளேயருக்கு இது ஒலி என்றே தெரியவில்லை. அதற்குப் பின்னால் இருப்பதெல்லாம் சுருக்கப்படாத குரல்.

ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளைத் திறந்து, இம்போர்ட்டில் ரா டேட்டா என்பதைத் தேர்ந்தெடுங்கள். 16 பிட் சைன்டு, லிட்டில் எண்டியன். மற்ற விவரங்களை உங்கள் ரெக்கார்டர் அமைப்பில் பாருங்கள். தெரியாவிட்டால் காது சொல்லிவிடும். 48000இல் எடுத்ததை 44100 என்று கொடுத்தால் பேச்சு இழுத்து, குரல் கனத்துக் கேட்கும். மோனோவை ஸ்டீரியோ என்று கொடுத்தால் இரண்டு மடங்கு வேகத்தில் ஓடும். இரைச்சல் மட்டும் வந்தால் பிட் அளவு அல்லது பைட் வரிசை தவறு.

48000, மோனோ என்றால் நொடிக்கு 96000 பைட். உங்களுக்குப் போனது 4096. ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை.

செம்பவாங்_மல்லி | திங்கள், இரவு 11.10

வந்துவிட்டது! முதலில் 44100 கொடுத்தோம், ஐயா தூக்கக் கலக்கத்தில் பேசுகிற மாதிரி இருந்தது. 48000 ஆக்கியதும் அவருடைய குரலேதான். டாக்யார்டில் சங்கு ஊதுவது, காலை ஷிப்டுக்கு சைக்கிளில் கும்பலாகப் போவது, எல்லாம் முழுசாக இருக்கிறது. ஒலிவாணன் ஐயா, மனமார்ந்த நன்றி.

ஈசூன்_குமரன் | செவ்வாய், காலை 7.50

ஒரு சந்தேகம். எழுதிட்டிருக்கும்போது கரண்ட் போனா அந்த செக்டர் அரைகுறையா நின்னு படிக்க முடியாமப் போகும், 197ல ஏறும்னு படிச்சேன். ஐனோடு அட்டவணை அப்படிக் கெட்டிருக்கலாம், அந்த நேரத்துல எழுதிட்டுத்தான் இருந்துச்சு. ஆனா மார்ச் பதிவை அன்னைக்கு யாருமே தொடலையே. அது எப்படிக் கெட்டுச்சு?

பழையகடை | செவ்வாய், காலை 8.30

சரியாப் பிடிச்சே தம்பி. அந்த இடம் ட்ரிப் ஆனதுனால கெடலை, முன்னாடியே கெட்டுக் கிடந்திருக்கு. யாரும் அந்தக் கோப்பைத் திறக்கலை, அதனால யாருக்கும் தெரியலை. டிஸ்க்குக்கு வயசாகிடுச்சு. ரொம்ப நாள் தொடாம வச்சிருக்கிற சேமிப்புல இதுதான் பெரிய பிரச்சினை. எக்ஸ்ட்4 தன் கணக்குக்கு மட்டும்தான் செக்சம் (எதுவும் மாறிடுச்சான்னு காட்டுற சரிபார்ப்பு எண்) வச்சிருக்கு, உங்க கோப்போட உள்ளடக்கத்துக்கு இல்லை. அதுக்கும் சேர்த்து வேணும்னா பிடிஆர்எஃப்எஸ், இசட்எஃப்எஸ் மாதிரி வேற கோப்பு முறைமைப் பக்கம் போகணும். இல்லைன்னா ஒவ்வொரு பதிவுக்கும் நீங்களே செக்சம் எடுத்துவச்சு, அப்பப்போ ஓட்டி ஒத்துப் பாருங்க.

செம்பவாங்_மல்லி | புதன், இரவு 9.00

கார்டையும் பார்த்துவிட்டோம். முதலில் அதையும் இமேஜாக எடுத்துக்கொண்டு, அந்த இமேஜில், அழிந்த கோப்புகளைத் தேடி எடுக்கும் ஃபோட்டோரெக்கை ஓட்டினோம். கட் செய்ததில் அழிந்திருந்தவை, அதற்கு முந்தைய வாரத்துப் பதிவுகள் சில, எல்லாம் பெயரில்லாமல் வந்தன. ஐனோடே போன அந்த நாலைந்து பதிவுகளில் ஒன்றைத் தவிர மற்றவை இதில் கிடைத்துவிட்டன. காலமானவர் என்று சொன்னேனே, அவருடையது கிடைத்தவற்றில் இருக்கிறது. கிடைக்காத அந்த ஒருவர் ஈசூனில்தான் இருக்கிறார், நலமாக இருக்கிறார். மறுபடி போய் உட்கார்ந்து பேசவேண்டும்.

யூபிஎஸ் வாங்கிவிட்டேன். இரண்டு கேள்வி. இந்த இமேஜை எப்போது அழிக்கலாம்? பழைய டிஸ்கை வேறு எதற்காவது பயன்படுத்தலாமா?

கனலி | புதன், இரவு 9.35

கிடைக்காத அந்தப் பதிவுக்கு இன்னொரு வழி பாக்கி இருக்கிறது அக்கா. அதே ஃபோட்டோரெக்கை டிஸ்க் இமேஜின் காலி இடத்தில் மட்டும் ஓட்டச் சொல்லுங்கள். ஐனோடு போனாலும் குரல் அங்கேதான் எங்கேயோ இருக்கும். துண்டு துண்டாகச் சிதறாமல் எழுதப்பட்டிருந்தால் முழுசாக வரும். எஃப்எஸ்சிகே அந்த இடத்தைக் காலி என்று குறித்திருக்கிறது, ஆனால் நீங்கள் நகலில் புதிதாக எதையும் எழுதவில்லையே.

மீட்ட ஒவ்வொரு பதிவையும் யாராவது ஒருவர் தொடக்கத்திலிருந்து கடைசி வரை காதால் கேட்டு முடிக்கிற வரைக்கும் இமேஜை வைத்திருங்கள். கோப்பு திறக்கிறது என்பதை மட்டும் வைத்து முழுசாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ள முடியாது. குழுவில் பகிர்ந்துகொண்டு கேளுங்கள், நோட்டில் ஒவ்வொன்றுக்கும் எதிரே டிக் போடுங்கள்.

யூபிஎஸ் சில நிமிடம்தான் தாங்கும். அதன் யூஎஸ்பி கேபிளைக் கணினியில் செருகி, பேட்டரி குறைந்ததும் தானாக அணையும்படி அமையுங்கள். நீங்கள் வெளியே இருக்கும்போது ட்ரிப் ஆனால் அதுதான் காக்கும். இனி கார்டிலிருந்து எடுக்கும்போது கட் வேண்டாம், காப்பி. இரண்டு இடத்தில் நகல் இருக்கிறது என்று உறுதியான பிறகு கார்டைத் துடைக்கலாம். ஒரு நகல் உங்கள் வீட்டுக்கு வெளியே, குழுவில் இன்னொருவரிடம் இருக்கட்டும். தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்று நிலையம் 1979 முதல் இதே வேலையைச் செய்துவருகிறது, அவர்களிடமும் ஒரு வார்த்தை பேசிப் பாருங்கள்.

பழைய டிஸ்க்: இமேஜ் வேலை எல்லாம் முடிகிற வரை தொடவேண்டாம். அதன்பின் முழுக்க ஒருமுறை பூஜ்யம் எழுதி, ஸ்மார்ட் பாருங்கள். 197 பூஜ்யமாகி, 5உம் ஏறாமல் இருந்தால் மகன் சினிமா, கேம் போட்டுக்கொள்ளலாம். 5 ஏறியிருந்தால் வீசிவிடுங்கள். எப்படியானாலும் பதிவுகளை அதில் மறுபடி வைக்கவேண்டாம்.